நீர்ப்பறவை படமெடுக்கக் கூடாரம் வாங்கலாமா?

கேள்வி: பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நீர்ப்பறவைகளைப் படமெடுக்கிறேன். 150-600 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் கிட்டே போனால் பறந்துவிடுகின்றன. ஆன்லைனில் விற்கும் பாப்-அப் மறைவுக் கூடாரம் வாங்கலாமா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வனத்துறை வசமுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே இறங்க முடியாது. வேடந்தாங்கலிலும் கரையில் நின்றுதான் பார்க்கவேண்டும். வயலோரம், குட்டையோரம் என்று தனியார் நிலத்தில், உரியவரைக் கேட்டுக்கொண்டு உட்காரும்போதுதான் கூடாரம் உதவும்.

முதலில் தலையையும் லென்ஸையும் சேர்த்து மூடும் மறைப்புத் துணியும் லென்ஸைத் தாங்கவைக்கும் சிறு பையான ஒரு பீன் பேக்கும் வாங்குங்கள். துணி 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலமாவது இருக்கட்டும். இலை அச்சு எப்படியிருந்தாலும் பரவாயில்லை, காய்ந்த கோரைபோல மங்கல் நிறமாக இருக்கவேண்டும். பளபளப்பான கோட்டிங் போட்ட பாலியஸ்டர் வெயிலில் மின்னும், காற்றில் படபடக்கும். பறவை மிரள்வது அந்த அசைவுக்குத்தான். வாங்குமுன் கையில் கசக்கிப் பாருங்கள், சரசரத்தால் விட்டுவிடுங்கள். லென்ஸ் துளையில் வெல்க்ரோ இருந்தாலும் வேண்டாம். அதைப் பிரிக்கும் ‘சர்ர்’ சத்தத்துக்கே முக்குளிப்பான் தண்ணீருக்குள் போய்விடும். எலாஸ்டிக் அல்லது நாடா போதும்.

பீன் பேக்கைக் காலியாகவே வாங்கலாம். தெர்மோகோல் மணி கனமான லென்ஸுக்கு அமுங்கி ஆடும். 2 கிலோ அரிசி அசையாமல் தாங்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வையுங்கள்.

பிறகு கூடாரம் வாங்குவதானால் ஜன்னல் உயரத்தைக் கேளுங்கள். பல மாடல்கள் நாற்காலியில் உட்காரும் வேட்டைக்காரருக்காகச் செய்தவை. அவற்றிலிருந்து எடுத்தால் பறவையின் முதுகுதான் கிடைக்கும். ஜன்னலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ.க்குள் இருந்தால் பறவையின் கண்மட்டத்துக்கு வரலாம். பின்ஜன்னலைத் திறந்தால் உங்கள் உருவம் கறுப்பாகத் தெரியும், அதை மூடியே வையுங்கள். நம்மூர் வெக்கைக்கு மேலே வலைத் திறப்பு கட்டாயம்.

விடியுமுன் உட்கார்ந்துவிடுங்கள். வெயில் ஏறினால் தண்ணீர்மேல் கானல் எழும், எந்த லென்ஸிலும் படம் கூர்மையாக வராது. கூடு இருக்கும் இடத்தருகே எதைப் போர்த்திக்கொண்டும் உட்காரவே கூடாது. பவளக்கால் உள்ளான் விடாமல் கத்திக்கொண்டு தலைக்குமேல் சுற்றினால் கூடோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது. உடனே எழுந்து விலகுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பிரிப்பதை வீடியோ எடுத்து, பில்லோடு வையுங்கள். கம்பி வளைந்தோ தையல் விட்டோ வந்து, மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.