சுவரில் ஒட்டிய ருபீடியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குளிர் அணுக்கள் (மிக மிகக் குளிர்வித்து ஏறக்குறைய அசையாமல் நிறுத்திய அணுக்கள்) பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அணுக்களை வெற்றிடத்தில் பிடித்து நிறுத்துகிறார்கள், எதையும் தொடவிடுவதில்லை என்கிறீர்கள். அப்புறம் நூறு மைக்ரான் தள்ளியிருக்கும் சில்லின் (அணுக்களைப் பிடித்துவைக்கும் மின்சுற்றுத் தகட்டின்) பரப்பு எப்படித் தொந்தரவு செய்யும்?

இளங்கோ

அன்புள்ள இளங்கோ,

தொடவே வேண்டாம், மின்புலம் எட்டினால் போதும். சாதாரண அணு அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ரிட்பெர்க் அணுவின் கதை வேறு. அதன் வெளி எலக்ட்ரானை லேசரால் கருவிலிருந்து வெகுதூரம் தள்ளிவைத்திருக்கிறார்கள். எலக்ட்ரான் எந்த ஆற்றல் படியில் இருக்கிறது என்று சொல்லும் முதன்மைக் குவாண்டம் எண் 100 என்றால் ஆரம் சுமார் அரை மைக்ரான். கிட்டத்தட்ட ஒரு பாக்டீரியா அளவுக்கு ஊதிப்போன அணு! கருவின் பிடி தளர்ந்துவிட்டதால் சின்ன மின்புலமும் அந்த எலக்ட்ரானை இழுத்துப்பார்க்கும். இப்படி வளைந்துகொடுக்கும் குணம் அந்த எண்ணின் ஏழாம் அடுக்காக ஏறுகிறது. எண்ணை இரட்டித்தால் 128 மடங்கு.

சரி, மின்புலம் எங்கிருந்து வருகிறது? வேடிக்கையே இங்குதான். சோதனைக்குக் கொண்டுவந்த ருபீடியம் என்ற உலோகத்தின் அணுக்களேதான் பெரும்பாலும் குற்றவாளி. பிடித்துவைத்த பொறியிலிருந்து நழுவும் அணுக்கள் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. உலோகத்தில் ஒட்டிய ருபீடியம் தன் எலக்ட்ரானில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்துவிட்டு, நேர்மின் பக்கம் வெளியே தெரிய நிற்கும். ஒரே ஒரு அணுவால் ஒன்றும் ஆகாது. சோதனை நடக்க நடக்கப் படிந்து திட்டாகிவிடும். போன மாதம் அளந்த நிறமாலைக் கோடு (அணு ஒளியை உறிஞ்சும் அதிர்வெண்) இப்போது இடம் மாறியிருக்கும்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. மின்முனைகளில் வோல்டேஜை மெல்ல மாற்றிக்கொண்டே கோட்டின் இடத்தைக் குறித்தால் ஒரு வளைவு கிடைக்கும். அதன் உச்சி பூஜ்ஜிய வோல்ட்டில் இல்லாமல் தள்ளியிருந்தால், எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதுதான் வேண்டாத புலத்தின் அளவு. அதே அளவுக்கு எதிர்ப்புலம் கொடுத்து ஈடுகட்டலாம்.

ஆனால் திட்டின் புலம் இடத்துக்கு இடம் மாறும். அணுக்கூட்டத்தின் ஒரு ஓரத்துக்குச் சரிசெய்தால் மறு ஓரம் கெடும். என்னைக் கேட்டால் உண்மையான தலைவலி இதுதான்.

பரப்பைச் சூடாக்கி, ஒட்டியவற்றை விரட்டலாம். பாரிசில் ஒரு குழு இதற்கு நேரெதிராகப் போனது. மீக்கடத்திச் சில்லின் (மின்தடையே இல்லாத பொருளாலான சில்லின்) மேல் வேண்டுமென்றே ருபீடியத்தை ஒரு படலமாகவே படியவிட்டார்கள். ஒரே சீராகப் பரவிய படலத்துக்கு வெளியே புலம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. அரைகுறையாகப் படிந்திருந்தால்தான் தொல்லை.