இந்த ஆடுகள் என்ன செய்தது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஓய்வுநாள் பள்ளியில் எலிசா தீர்க்கதரிசியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து வேதாகமத்தை எடுத்து, அவர்கள் சொல்லாமல் விட்டதையும் படித்துவிட்டான். "மொட்டைத்தலையான்னு கேலி பண்ணினதுக்கா நாற்பத்திரண்டு பிள்ளைங்களைக் கரடி கிழிச்சுது?" என்று கேட்கிறான். அவன் அப்பாவுக்கும் வழுக்கை. இரண்டு நாளாக அவர் பக்கமே போகவில்லை. இதற்கிடையில் என் தம்பி மனைவிக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிவிட்டது. ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒரு பெரியம்மா, "வீட்ல ஏதோ பாவம் இருக்கு, ஆண்டவர் தண்டிக்கிறார்" என்று அவளிடமே சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட வேத பகுதிகளை எப்படிப் புரிந்துகொள்வது? பிள்ளைகள் கண்ணில் படாமல் வைப்பதா?
— பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: 'சாமி விஷயத்தில் குறுக்குக் கேள்வி கேட்காதே' என்று பையன் தலையில் குட்டாமல் எனக்கு எழுதினீர்களே, அதற்கே நன்றி.

2 இராஜாக்கள் 2-ஆம் அதிகாரம், 23, 24 வசனங்கள். இரண்டே வசனத்தில் காரியம் முடிந்து, எலிசா கர்மேல் மலைக்கு நடையைக் கட்டிவிடுகிறார். பழைய மொழிபெயர்ப்பில் கரடிகள் பிள்ளைகளைப் 'பீறிப்போட்டது' என்று இருக்கும். துணி கிழிகிற சத்தம் கேட்கும் சொல் அது. எட்டு வயதில் அதைப் படித்துவிட்டுத் தூக்கம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

விளக்கவுரைக்காரர்களைக் கேட்டால், அவர்கள் பிள்ளைகளே இல்லை, வாலிபர்கள், ரவுடிக் கும்பல், தீர்க்கதரிசியின் உயிருக்கே ஆபத்து என்பார்கள். எபிரேயச் சொல்லுக்கு வாலிபர் என்ற பொருளும் உண்டுதான். ஆனால் கூடவே 'சிறிய' என்ற அடைமொழியும் மூலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சரி, வாலிபர்கள் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரிலிருந்து கிளம்பும் 29சி பஸ் படிக்கட்டில் தொங்கும் பையன்கள் கேலி செய்யாத வழுக்கை உண்டா? அதற்குக் கரடியா?

இந்த மழுப்பலைவிட யூத மதகுருக்களான ரபிகள் நாணயமாக நடந்துகொண்டார்கள். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட தல்மூது என்ற அவர்களுடைய சமய நூலில் இந்தக் கரடிகளைப் பற்றி ஒரு விவாதமே நடக்கிறது. பையன்கள் மீது பழி போட்டவர்கள் அதிலும் உண்டு. ஆனால் எலிசா மூன்று முறை நோயில் விழுந்தார், அதில் ஒன்று பிள்ளைகள் மீது கரடியை ஏவியதற்காக என்றும் அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தங்கள் தீர்க்கதரிசியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் மகன் இரண்டு நாளாகச் செய்வதும் அதுதான். அப்பாவை அதில் சேர்க்காமல் விட்டால் நல்லது.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? மதுரையை எரிக்கும்போது கண்ணகி, மூத்தோரையும் குழவியையும் விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்று தீக்குச் சொல்கிறாள். எலிசாவுக்குத் தோன்றாதது நம் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது என்று மேடையில் மார்தட்டலாம். அதே சிலப்பதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் புரட்டினால் கொற்கையில் வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் 1,000 பொற்கொல்லர்களை அந்தப் பத்தினிக்குப் பலி கொடுக்கிறான். பொய் சொன்னவன் ஒருத்தன். செத்தவர்கள் ஆயிரம் பேர். மெரினாவில் கண்ணகி சிலையை எடுத்ததற்கும் திரும்ப வைத்ததற்கும் இந்த ஊரில் அத்தனை பேசினோமே, அந்த ஆயிரம் பேருக்காக யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

இனி 2 சாமுவேல் 24. தாவீது ராஜா ஜனங்களைக் கணக்கெடுக்கிறான். அதற்குத் தண்டனையாகக் கொள்ளைநோய் வந்து 70,000 பேர் சாகிறார்கள். கணக்கெடுக்கும்படி அவனை ஏவியது யார்? சாமுவேல் புத்தகத்தில், கர்த்தருடைய கோபம். அதே கதையைப் பிற்காலத்தில் திரும்பச் சொல்லும் நாளாகமத்தில், சாத்தான். எழுதியவர்களுக்கே அந்த இடம் உறுத்தியிருக்கிறது, பழியை இடம் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அப்போது தாவீது, சாகிற ஜனங்களை ஆடுகள் என்று சொல்லிக் கேட்கிறான்: "நான்தான் பாவஞ்செய்தேன், நான்தான் அக்கிரமம் பண்ணினேன், இந்த ஆடுகள் என்னசெய்தது?" உங்கள் மகன் கேட்டதும் இதேதான். அவனிடம் இந்த வசனத்தைக் காட்டுங்கள். தன் கேள்வி புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது என்று பார்க்கட்டும்.

தாவீது 'நான்' என்று சொல்வதைக் கவனியுங்கள். பள்ளியில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோமே, தெய்வ தண்டனை விஷயத்தில் அந்த இலக்கணம்தான் எனக்குக் கைகொடுக்கிறது. சூலைநோயில் துடித்த அப்பர் திருவதிகையில் நின்று, "கொடுமைபல செய்தன நானறியேன்" என்று பாடுகிறார். அது அவருடைய வயிறு, அவர் சொல்லலாம். பெரியபுராணக் கதைப்படி அந்த நோயே, தம்பி திரும்பி வரவேண்டும் என்று அக்கா திலகவதியார் சிவனிடம் வேண்டிக்கொண்டதால் வந்தது. மதம் மாறிப் போன தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போது, 'பார்த்தாயா, பட்டாயா' என்று அவர் கேட்டிருக்க முடியாதா? கேட்கவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார்.

உங்கள் ஜெபக்கூட்டப் பெரியம்மா பேசியது முன்னிலையில். 2 சாமுவேல் 12-ஐ அவர் ஆதாரமாகக் காட்டக்கூடும். தாவீதின் பாவத்துக்காக அவனுக்குப் பிறந்த குழந்தை இறந்துபோகிறது. வேதாகமத்தில் எனக்கு மிகவும் இடிக்கிற இடங்களில் அது ஒன்று, அதை நியாயப்படுத்த என்னிடம் வார்த்தை இல்லை. ஆனால் "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல நாத்தான் தீர்க்கதரிசி போனது அரண்மனைக்கு. ஒருத்தனைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட ராஜாவின் முகத்துக்கு நேரே, தன் தலை போகலாம் என்று தெரிந்து சொன்னான். பிள்ளையைப் பறிகொடுத்துப் படுத்திருக்கிற பெண்ணிடம் போய்ச் சொல்ல என்ன தைரியம் வேண்டும்? அதே அதிகாரத்தில், குழந்தை இறந்தபின் தாவீது அதன் தாய் பத்சேபாளுக்கு ஆறுதல் சொன்னான் என்றும் இருக்கிறது. பெரியம்மா அதுவரைக்கும் படிக்கவில்லை போலிருக்கிறது.

2004 சுனாமிக்கு நாலைந்து நாள் கழித்துப் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கவிழ்ந்து கிடந்த படகின் மேல் ஒரு அம்மா ரேஷன் கார்டைக் காயவைத்துக்கொண்டிருந்தார், பறக்காமலிருக்க மேலே ஒரு கல். இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு வந்தார். எந்த மதம் என்று சொல்லப்போவதில்லை. அந்த வாரம் எல்லா மதத்திலும் அப்படி ஆள் இருந்தது. "பாவம் பெருகினா கடல் பொங்கும்மா" என்றார். அந்த அம்மா அதை வாங்கி நான்காக மடித்து, ஈர ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்துக் கல்லைத் திரும்ப எடுத்து வைத்தார். "பேப்பர் தண்ணிய இழுக்கும்" என்றார் என்னிடம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் சாந்தோம். கோயிலுக்குப் பின்னால் உள்ள கம்பத்தைத் தாண்டிக் கடல் வராது என்று புனித தோமா சொன்னதாக ஒரு நம்பிக்கை உண்டு. கம்பத்தை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் சாந்தோமைக் காத்தது கடவுள் என்று சொல்லி நிறுத்தாமல், சீனிவாசபுரத்தை ஏன் காக்கவில்லை என்பதற்கும் காரணம் கைவசம் வைத்திருப்பவர்களைக் கண்டால் ஒதுங்கிவிடுவேன்.

பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 1934 ஜனவரியில் பீகாரில் பூகம்பம். தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று திருநெல்வேலியில் பேசினார். தாகூர் பகிரங்கமாக மறுத்தார், காந்தி தன் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே அந்த மறுப்பை வெளியிட்டார். நம் பாவம் என்று தன்னையும் சேர்த்துத்தான் காந்தி சொன்னார். இருந்தாலும் இடிபாட்டில் கிடந்தவர்கள் பீகார்க்காரர்கள். அவர்களிலும் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்களா?

ஆகவே, பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். பையனோடு உட்கார்ந்து படியுங்கள். 'இது எனக்கும் பிடிக்கலடா' என்று சொல்லுங்கள், கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். வேதாகமத்தில் துன்பத்துக்கு மேல் துன்பம் பட்ட யோபு அதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார். கடைசியில் கண்டிக்கப்பட்டவர்கள் கடவுளுக்கு வக்கீலாக வந்த அவருடைய சிநேகிதர்கள்தான்.

பெரியம்மா அடுத்த முறை வந்தால் காபி கொடுங்கள். பிறகு லூக்கா 13-ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்து, 4-ஆம் வசனத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிற இடம். கண்ணாடி எடுத்து வரவில்லை என்பார். உங்கள் மகனைக் கூப்பிடுங்கள். எழுத்துக்கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை, அடுத்த வசனத்தில் இருக்கிற 'அப்படியல்ல' வரைக்கும் அவன் வாசிக்கட்டும்.