கத்தி வைத்தால் பரவிவிடுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. சின்ன வயதில் சிம்னி விளக்கு சாய்ந்து இடது நெற்றிப்பொட்டில் தீக்காயம் பட்ட தழும்பு உண்டு. இரண்டு வருடமாக அதில் ஆறாத புண். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டு வந்தார். இப்போது காதுக்கு முன்னால் ஒரு கட்டி. சதை எடுத்துப் பார்த்ததில் முற்றிய தோல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. ஆபரேஷன், பிறகு கதிர்வீச்சு என்கிறார் டாக்டர். கத்தி வைத்தால் பரவிவிடும் என்கிறார் சித்தப்பா. ஊசியிலேயே குணமாகிவிடும் என்கிறான் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?
ஒரு வாசகி, ஆரணி

பதில்: அம்மா, முதலில் சித்தப்பாவுக்குச் சொல்கிறேன். அப்பாவின் மேல் கத்தி படுவதற்கு முன்பே காதருகே கட்டி வந்துவிட்டதே! ஏற்கெனவே பரவியிருந்த நோய் ஆபரேஷனுக்குப் பிறகு தலைகாட்டும்போது பழி கத்தியின் மேல் விழுகிறது.

புண்ணைவிட அந்தக் கட்டிதான் எனக்குக் கவலை. நெற்றிப்பொட்டில் வரும் புற்று பரவும்போது, பெரும்பாலும் காதுக்கு முன்னால் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள நெறிகளில், அதாவது நிணநீர் முடிச்சுகளில்தான் முதலில் தங்கும். அந்தச் சுரப்பிக்குள்தான் முக நரம்பு கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. இன்றைக்கே அப்பாவை எதிரே உட்காரவைத்து, புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். கண்ணை இறுக மூடி, கன்னத்தை உப்பச் சொல்லுங்கள். இடது பக்கம் சோர்ந்து நின்றால் நோய் நரம்பைத் தொட்டிருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நரம்பையும் சேர்த்து எடுக்க நேர்ந்தால் அந்தக் கண் சரியாக மூடாது. கருவிழி காயாமல் பகலில் சொட்டு மருந்தும், இரவில் இமையை ஒட்டிவைக்கப் பிளாஸ்திரியும் வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே அப்பாவிடம் பேசிவிட வேண்டும். கண் விழித்த பிறகு கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

தம்பி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. செமிப்ளிமாப் என்ற ஊசி மருந்துக்கு இந்த நோய்க்காக 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் எதிர்ப்பு அணுக்களுக்குப் புற்று போட்டிருக்கும் தடையை அது நீக்குகிறது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு தவணை வரை 79 பேருக்கு இதைக் கொடுத்தார்கள். அவர்களில் 40 பேருக்கு, வெட்டியெடுத்த சதையில் உயிருள்ள புற்றணு ஒன்றுகூட இல்லை. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அங்கே இந்த நோய்க்கு முக்கியக் காரணம் வெயில். அப்பாவுக்கு வந்தது தீக்காயத் தழும்பில். அதே பலனை அவருக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். செலவும் லட்சக்கணக்கில் ஆகும். தைராய்டு, நுரையீரல், குடல், கல்லீரல் பாதிக்கப்படுவதும் உண்டு.

ஆகவே ஊசியா கத்தியா என்று வீட்டில் வாதாட வேண்டாம். அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்று துறை டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சுத்தமாக எடுத்துவிட முடியும் என்றால் தள்ளிப்போடாதீர்கள். கண்ணையே எடுக்க வேண்டிவரும் என்றால், முதலில் ஊசி போட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

கதிர்வீச்சைப் பாதியில் விடவே கூடாது. ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள், ஏறக்குறைய ஆறு வாரம். செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒரு பெரியவருக்கு நானே ஆபரேஷன் செய்தேன். தையல் அழகாக ஆறியிருந்தது. "அறுப்பை முடித்துவிட்டு வருகிறேன் சாமி" என்று போனவர் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தார். கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. அவரை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அன்றே அவர் மகனை அழைத்துப் பேசியிருக்க வேண்டும்.

கதிர்வீச்சுக்கு முன் பல் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். சொத்தைப் பல்லைப் பிறகு பிடுங்கினால் தாடை ஆறுவது கடினம். மஞ்சள் விழுதை இன்றோடு நிறுத்துங்கள். கொதித்து ஆறிய உப்புநீரில் துணியை நனைத்து, ஒட்டியிருப்பது ஊறிய பிறகு மெல்ல எடுங்கள். நாற்றம் இருந்தால் அதற்கும் மருந்து உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது சதைப் பரிசோதனையின் கண்ணாடித் துண்டுகள் (ஸ்லைடு), சதை பதித்த மெழுகுக் கட்டி (பிளாக்), ஸ்கேன் படங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். சித்தப்பாவையும் கூட அழைத்துப்போங்கள். அவருடைய கேள்வியை அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.