கூட்டுறவுச் சங்கத்தின் நெல் ஆலையில், இறந்துபோன அப்பாவின் பங்கைப் பிரித்து வாங்க முடியுமா?

முடியாது. வட்டையில் கிடக்கும் இரண்டு ஏக்கர் வயலைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதுவதுபோல ஆலையைப் பிரிக்க ஏலாது. இலங்கையின் 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி, பதிவு செய்த சங்கம் சட்டத்தின் பார்வையில் தனியொரு ஆள். ஆலை, களஞ்சியம், காணி எல்லாம் அதன் சொத்து. அங்கத்தவருக்கு உள்ளது பங்குப் பணமும் ஒரு வாக்கும். பங்கு எத்தனை இருந்தாலும் வாக்கு ஒன்றுதான்.

இதை அநியாயம் என்று நினைக்காதீர்கள். பிரிக்கலாம் என்றிருந்தால், வெள்ளம் அடித்த ஒரு போகத்திலேயே பாதிப்பேர் தங்கள் பாகத்தை விற்றிருப்பார்கள்.

ஆனால் அந்த ஒரு வாக்கை விட்டுவிடாதீர்கள். எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அப்பா இறந்த பிறகு, உர மானியத் துண்டுகளுக்கு நடுவில் அவருடைய பங்குப் புத்தகம் கிடந்தது. ஓரமெல்லாம் கறையான் அரித்து, பின்னுரித்தாளி, அதாவது அவருக்குப் பிறகு பங்குப் பணத்தைப் பெறுபவர், என்ற இடத்தில் அம்மாவின் பெயர் மட்டும் தெளிவாக. பணம் சொற்பம்தான். அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டோம்.

அந்த வருடப் பொதுக்கூட்டத்துக்கு முப்பது பேர்கூடப் போகவில்லையாம். கணக்கை மளமளவென்று வாசித்து, கையை உயர்த்தச் சொல்லி, களஞ்சியத்தை ஒரு நெல் வியாபாரிக்கு ஐந்து வருடக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுகா பெரும்போக அறுவடையில் மழை. காயவைத்துக் கட்டிவைக்க இடமில்லாமல், ஈர நெல்லைத் தெருவோரத்தில் வைத்து அதே வியாபாரிக்கு அவர் சொன்ன விலைக்குக் கொடுத்தோம். அம்மா சாக்கு வாயைக் கட்டிக்கொண்டே அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் நான் அங்கத்தவராகச் சேர்ந்தேன். அங்கத்தவர்களில் மூன்றிலொரு பங்கினர் எழுத்தில் கேட்டால் கூட்டுறவு ஆணையாளர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனோம். "அது சங்கத்துச் சாமான், எனக்கென்ன?" என்றுதான் பலர் முதலில் சொன்னார்கள். ஈர நெல் விற்ற கதையைச் சொன்னதும் பேனாவைக் கேட்டார்கள். விசாரணை வந்தது; அடுத்த முறை குத்தகையை நீட்டவில்லை.

நீங்கள் முதலில் பங்குப் புத்தகத்தைத் தேடுங்கள். பின்னுரித்தாளி யாரென்று பாருங்கள். சங்கத்தின் உப விதிகளில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, அங்கத்தவராகச் சேரத் தகுதி என்னவென்று வாசியுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்பே உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் சேர்ந்துவிட வேண்டும்.