காரீயப் பட்டையில் வெள்ளைப் பொடி: மணல்தாளால் தேய்க்கலாமா?

ஸ்டோரில் வைத்த காரீயப் பட்டை வெள்ளையாகப் பூத்திருக்கிறது, தேய்க்கலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். தேய்க்கவே வேண்டாம். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைக்க வாங்கி வைத்த பட்டையில் பூத்திருக்கும் அந்த வெள்ளைப் பொடியும் காரீயம்தான். தேய்த்தால் பறந்து மூக்குக்கும் சோற்றுக்கும் போகும்.

நனைத்துத் துடையுங்கள். கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த டிஷ்யூவால் பட்டையை ஒரே திசையில் இழுத்து, அழுக்குப் பக்கத்தை மடித்து, மறுபடியும் இழுங்கள். டிஷ்யூ கறுப்பாவது நிற்காது, அதற்காகக் காத்திருக்காதீர்கள். வெள்ளை போனால் போதும். தரையையும் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். விளக்கமாறு, மேசை விசிறி இரண்டும் ஆகாது.

ஸ்டோரில் பட்டைக்குப் பக்கத்திலேயே ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் பார்மிக் அமிலம். அதன் ஆவியும் உங்கள் ஊரான மலேசியாவின் சுங்கை சிப்புட் ஈரக்காற்றும் சேர்ந்தால் காரீயம் பூக்காமல் என்ன செய்யும்? (மூடிய பலகைப் பெட்டியும் இதே வேலையைக் காட்டும்.)

சோதித்துப் பாருங்கள்: துடைத்த பட்டையில் இரண்டு துண்டு, குறடால் வெட்டி, ஒன்றை இறுக மூடிய பிளாஸ்டிக் பையிலும் மற்றதைப் பழைய இடத்திலும் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே இருந்தது மட்டும் பூத்தால் ஆசிட்டை இடம் மாற்றுங்கள்.

பட்டைகளைப் பற்றவைக்கும்போது எழும் புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸ் (பற்று நன்றாக ஒட்டத் தடவும் பொருள்) புகை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். காரீயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். ஆவியாக அதைவிட வெகு அதிகச் சூடு வேண்டும். புகையைவிட மோசம், கை கழுவாமல் எடுத்துத் தின்னும் கறிபாப் பலகாரம்.

ஏற்கெனவே தேய்த்துவிட்டு, வீட்டில் சின்னப் பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால், துடைத்தது மட்டும் போதாது. டாக்டரிடம் அவர்கள் ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரணத்தைக் கண்டு நீக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.