ஒற்றை டிக்கும் 171-ம் – கடிதம்

வணக்கம் சார்,

2024 ஜனவரி 1 ஜப்பானின் நோட்டோ நிலநடுக்கத்தின்போது என் அக்கா குடும்பம் இஷிகாவாவில் இருந்தது. நாங்கள் நாலு பேர் மாறி மாறி போன் அடித்தும் லைன் போகவில்லை. இரவில்தான் வாட்ஸப்பில் 'நல்லா இருக்கோம்' என்று வந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் என்ன செய்வது?

– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள வாசகிக்கு,

முதலில், போன் அடிக்காதீர்கள். பேச்சு முடியும்வரை ஒவ்வொரு அழைப்பும் ஒரு தடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2011 மார்ச் பெரும் நிலநடுக்கத்தில் அவசர அழைப்புகளுக்கு வழிவிட, ஜப்பான் போன் நிறுவனங்களே 70 முதல் 95 சதவீதம் வரை மற்ற அழைப்புகளைத் தடுத்தன. எழுத்துச் செய்தி சின்னது, இடம் கிடைக்கும்போது நுழைந்துவிடும். ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். வாட்ஸப்பில் ஒற்றை டிக் என்றால் போன் அணைந்திருக்கிறது அல்லது சிக்னல் இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது டிக் விழுந்தால் போன் உயிரோடு இருக்கிறது. கரண்ட் போன ஊரில் சார்ஜ்தான் சொத்து. பதில் கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

டிவியில் சொன்ன 7.6 நிலநடுக்கத்தின் மொத்த அளவு. உங்களுக்குத் தேவை அக்கா ஊரின் 'ஷிண்டோ', அதாவது அந்த இடம் எவ்வளவு ஆடியது என்ற அளவு. 0 முதல் 7 வரை, ஊருக்கு ஊர் மாறும். அன்று இஷிகாவாவின் ஷிகா ஊரில் 7. ஷிண்டோ 4 என்றால் அலமாரிப் பொம்மை விழும், வீடு விழாது. ஜப்பான் வானிலை நிறுவனம் இதைச் சில நிமிடங்களில் ஆங்கிலத்திலும் போட்டுவிடும். கடலோர ஊரென்றால் சுனாமி எச்சரிக்கையைத் தனியாகப் பாருங்கள்.

171 என்பது ஜப்பானில் அழைத்து 'நல்லா இருக்கோம்' என்று பதிந்து வைக்கவும், மற்றவர் அதைக் கேட்கவும் உதவும் குரல் பதிவுப் பெட்டி. பேரிடர் நேரத்தில் மட்டும் திறக்கும், ஒரு பதிவுக்கு 30 நொடி. இந்தியாவிலிருந்து அதை அழைக்க முடியாது. ஆனால் அதே வேலையை எழுத்தில் செய்யும் 'வெப்171' தளம் இங்கிருந்தே திறக்கும், ஆங்கிலப் பக்கமும் உண்டு. சாவி அக்காவின் ஜப்பான் போன் எண்தான். உங்கள் போனில் அது +81 என்று சேமித்திருக்கும். அப்படியே போட்டால் வேலைக்காகாது. 81-ஐ எடுத்துவிட்டு முன்னால் 0 சேருங்கள். எந்த எண்ணில் பதிவது என்று அக்காவும் நீங்களும் இப்போதே பேசி வைக்க வேண்டும். அவர் தன் எண்ணிலும் மாமா தன் எண்ணிலும் பதிந்தால் நீங்கள் காலிப் பெட்டியைத்தான் பார்ப்பீர்கள்.

நாலு பேர் கேட்பதற்குப் பதில் ஒருவர் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லட்டும். எல்லையோரத்தில் இருப்பதால் சென்னையா திருவனந்தபுரமா என்று குழம்ப வேண்டாம். நீங்கள் பாலக்காட்டுக்காரர், வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசின் நோர்காவின் இலவச எண் 1800 425 3939. தூதரகத்துக்கு எழுதினால் பாஸ்போர்ட் எண்ணும் ஜப்பான் முகவரியும் கட்டாயம் இருக்கட்டும்.

மாதம் 1, 15 தேதிகளில் 171-ஐயும் வெப்171-ஐயும் பழகிப் பார்க்கத் திறந்து வைக்கிறார்கள். அங்கே நேரம் மூன்றரை மணி முன்னால் என்பதால், நமக்கு முந்தின இரவு எட்டரைக்கே தொடங்கி மறுநாள் இரவு எட்டரைக்கு மூடிவிடும்.