கலரை எடுத்துட்டா பூவுல என்ன இருக்கு?

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளை பூ போட்டோக்களைப் பெரிய கலைன்னு கொண்டாடுறாங்களே சார், பூவுக்கு அழகே கலர்தானே? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: அமெரிக்க போட்டோகிராஃபர் இமோஜென் கன்னிங்ஹாம் 1925ல எடுத்த மாக்னோலியா பூ படத்தைப் பாக்குற வரைக்கும் நானும் அப்படித்தான்மா நெனச்சேன். அதுல காம்பு இல்ல, இலை இல்ல, நடுவுல ஒரு கூம்பு, சுத்தி இதழ், ஃப்ரேம் முழுக்க அவ்ளோதான். வெளிச்சம் இதழ் மேல சரிஞ்சு எறங்கி மடிப்புக்குள்ள போய் நிழலா மாறுது பாருங்க, கலர்ல இருந்திருந்தா அதைக் கவனிச்சே இருக்க மாட்டோம். அந்தம்மா பூவுக்கு வந்த கதையும் சுவாரஸ்யம். கலிஃபோர்னியாவுல வீட்ல மூணு சின்னப் பசங்க, அதுல ரெண்டு ட்வின்ஸ், கேமராவைத் தூக்கிட்டு எங்க போறது, அதனால தோட்டத்துல இருந்த செடியவே எடுக்க ஆரம்பிச்சாங்க. கெமிஸ்ட்ரி படிச்சவங்க வேற, டார்க்ரூம்ல ஃபிலிம் கழுவுற வேலையெல்லாம் சொல்லித்தரவா வேணும்.

ஜெர்மனில கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் ரூட்டே வேற. சின்ன வயசுல இரும்பு வார்ப்புப் பட்டறைல தொழில் கத்துக்கிட்டு அப்புறம் பெர்லின்ல கலைத்தொழில் பள்ளில வாத்தியாரானவர். பசங்களுக்கு டிசைன் சொல்லிக்குடுக்கத்தான் தானே செஞ்ச கேமரால செடியை 30 மடங்கு வரைக்கும் பெருசாக்கி எடுத்தார், சுருண்டு நிக்கிற பெரணித் தளிரைப் பாத்தா ஏதோ பங்களா கேட்டுல இருக்கற இரும்பு வேலைப்பாடு மாதிரியே இருக்கும். ஆனா ஒண்ணு, இயற்கையை உள்ளபடி எடுத்தவர்னு சொல்றதை அப்படியே நம்பாதீங்க, தனக்கு வேண்டாத இலையைக் கிள்ளிட்டுத்தான் எடுப்பார்! வருஷக்கணக்கா இது வெறும் கிளாஸ்ரூம் சமாச்சாரம்தான், 1928ல புக்கா வந்து ஊரே பேசினப்போ அவருக்கு 60 தாண்டிடுச்சு, நாலு வருஷத்துல போயும் சேந்துட்டார்.

கேள்வி: நான் செம்பருத்தியை மொபைல்ல கறுப்பு வெள்ளைல எடுத்தா மொத்தமும் சாம்பலா இருக்கே? (அதே வாசகி)

பதில்: செவப்பும் பச்சையும் நம்ம கண்ணுக்குத்தான் எதிரும் புதிரும், கலரை எடுத்துட்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல்தான், அதான் பூ இலையோட கலந்துடுது. கலர்லயே எடுத்துட்டு எடிட்டிங்ல கறுப்பு வெள்ளையாக்கி செவப்போட வெளிச்சத்தை மட்டும் ஏத்திப் பாருங்க, பூ பளிச்சுனு தனியா வரும். இல்லைனா நந்தியாவட்டையைப் பறிச்சு, பின்னாடி கறுப்புத் துணி போட்டு, ஜன்னல் ஓரமா வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி வச்சு எடுங்க. ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம்மா, மடிப்பெல்லாம் செத்துடும்.